36 வயதில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. பதினோரு ஆண்டுகளாக ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. மாலையில் மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் நேரம்தான் என் நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம். வேலையை விட்டுவிட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் சேரலாமா என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "பிள்ளைகளுக்கு லீவு விடும்போது உனக்கும் லீவு, இதைவிட வசதியான வேலை ஏது?" என்கிறார் கணவர். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்கிறார் மாமியார். என் அம்மாவோ, கையில் இருக்கும் சம்பளத்தை விடாதே என்கிறார். எனக்கு வயது கடந்துவிட்டதா? பிள்ளைகள் பாதிக்கப்படுவார்களா? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? மகள் படிக்கும் பள்ளியிலேயே வேலைக்குச் சேரலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். நான் தொடக்க வகுப்புகளில் பதினான்கு ஆண்டுகள் கற்பித்துவிட்டு, பின்னர் ஆசிரியர் பயிற்சி பெறுவோரை வழிநடத்தும் வேலைக்கு வந்தவள். உங்களைப் போல முப்பதுகளின் நடுவில், இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக வந்து சேர்ந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் மிகச் சிறந்த ஆசிரியர்களானவர்களும் உண்டு, பாதியில் நின்றவர்களும் உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சேரலாம், ஆனால் இந்த ஆண்டு வேண்டாம். மகன் பள்ளிக்குப் போய் அங்கே ஒரு பருவம் பழகிய பிறகு சேருங்கள். அதற்குள் நீங்கள் கண்டறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருந்தும் அது மட்டும் இல்லை.

உங்களுக்குப் பிடித்திருப்பது கற்பிப்பதா, உங்கள் மகளுக்குக் கற்பிப்பதா என்பதே அது. கேட்பதற்குச் சற்றுக் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாலையில் மகளோடு உட்காரும்போது உங்கள் எதிரே இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அவளுக்கு எது தெரியும், எது தெரியாது, எந்த இடத்தில் முகம் சுளிப்பாள், எந்தச் சொல்லுக்குச் சிரிப்பாள் என்பதெல்லாம் ஏழு வருடமாக உங்களுக்குத் தெரியும். அவள் சோர்ந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். வகுப்பறையில் இந்த மூன்றும் கிடையாது.

ஒரு சின்ன உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லி இரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறீர்கள். பாதிப் பிள்ளைகள் 25 என்று எழுதுகிறார்கள். ஐந்தாறு பேர் 35 என்று எழுதுகிறார்கள். ஒருவன் கூட்டி 59 என்கிறான். ஒருத்தி எதுவும் எழுதாமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பாடவேளையில் மூன்றாவது முறையாக. 35 என்று எழுதிய பிள்ளைகள் கவனக்குறைவாக எழுதவில்லை. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முந்தைய வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேர்மையாகக் கடைப்பிடித்திருக்கிறார்கள்: 4இல் 1 போனால் 3, 7இல் 2 போனால் 5. இந்தப் பிள்ளையிடம் "கடன் வாங்கு" என்று நூறு முறை சொன்னாலும் பயனில்லை. நாற்பத்திரண்டு என்பது நான்கு பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பதைக் குச்சிகளைக் கட்டிக் காட்டி, பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அந்தப் பிள்ளையின் கையாலேயே அவிழ்க்க வைக்க வேண்டும். அதை நீங்கள் செய்துகொண்டிருக்கும்போதே 25 என்று சரியாக எழுதியவர்களுக்கு அடுத்த வேலை கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பின்வரிசையில் சத்தம் கிளம்பிவிடும். பென்சில் சீவுகிறவளுக்குக் கணக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிறாளா என்பதையும் பிரித்தறிய வேண்டும்.

கணக்குப் பிரிவில் பதினோரு வருடம் இருந்த உங்களுக்கு 25 என்ற விடை மூச்சு விடுவது போல வரும். ஆனால் ஆசிரியருக்கு வேண்டியது 35 எப்படி வந்தது என்கிற அறிவு. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் இதைத் தனியொரு அறிவுத்துறையாகவே அடையாளப்படுத்தினார்: பாடத்தை அறிவது வேறு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது வேறு, இந்தப் பாடம் இந்த வயதுப் பிள்ளைக்கு எங்கே இடறும் என்று அறிவது வேறு. பயிற்சியில் நீங்கள் உண்மையில் படிக்கப் போவது இந்த மூன்றாவதைத்தான். மேலே சொன்ன காட்சியைப் படித்தபோது உங்களுக்குள் "அந்தப் பென்சில் பெண்ணுக்கு என்னதான் ஆயிற்று?" என்று ஓர் ஆர்வம் எழுந்திருந்தால் அது நல்ல அறிகுறி. "என் மகள் இப்படியெல்லாம் செய்யமாட்டாள்" என்று தோன்றியிருந்தால், அதையும் உங்களிடமே ஒளிக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைக் கடிதத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது, நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். வேலையை விடுவதற்கு வெகு முன்னதாக, அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஏதேனும் ஒரு தொடக்கப்பள்ளியில் அனுமதி கேட்டு முழுதாக ஐந்து நாட்கள் ஒரே வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருங்கள். மகளின் பள்ளி வேண்டாம். ஒரு நாள் போதாது. முதல் நாள் உங்களைப் பார்த்து எல்லோரும் நல்லபடி நடந்துகொள்வார்கள், ஆசிரியர் உட்பட. அங்கே ஆசிரியரைப் பார்ப்பதைவிடப் பிள்ளைகளைப் பாருங்கள். நாம் எல்லோருமே ஆசிரியர்களைப் போதிய அளவு பார்த்துவிட்டோம். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975இல் கணக்கிட்டார். அதனால்தான் இந்த வேலை நமக்குத் தெரிந்த வேலை என்ற மயக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. நாடகத்தை அரங்கின் முன்வரிசையில் இருந்து ஆயிரம் முறை பார்த்தவருக்கும் திரைக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஆகவே ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, முடிந்தால் யார் கண்ணிலும் படாத ஒரு பிள்ளையாகப் பார்த்து, ஒரு நாள் முழுக்க அது என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் அளந்தபோது, பெரும்பாலோர் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் எவ்வளவு நீளம் என்பதை நீங்கள் அங்கே உட்கார்ந்தால் உணர்வீர்கள். வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு, சீருடை மடித்து வைக்கப்படாமல் கிடக்கும்போது, அந்த மூன்று நொடியை மகளுக்கும் கொடுக்க முடிகிறதா என்று முயன்று பாருங்கள்.

இங்கேதான் உங்கள் மாமியார் சொன்ன பழமொழிக்கு வர வேண்டும். அவர் அன்போடு சொல்லியிருக்கிறார், ஆனால் பயிற்சி ஆண்டுக்கு அது பொருந்தாது. ஊரார் பிள்ளைகள் முப்பது பேருக்கு நாள் முழுக்கப் பொறுமையை அளந்து அளந்து கொடுத்துவிட்டு வருகிறவரிடம், தன் பிள்ளைக்கென்று மிஞ்சுவது குறைவு. கோபத்தை அடக்கி முகத்தில் இனிமையை வைத்திருப்பதே வேலையின் ஒரு பகுதியாகிவிடும் தொழில்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷைல்ட், 1983இல் அதற்கு உணர்வு உழைப்பு என்று பெயர் வைத்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இது நன்றாகவே பொருந்தும். நான் வேலைக்குப் போன முதல் ஆண்டில் என் மகனுக்கு ஐந்து வயது. ஒரு மாலை அவன் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்க, நான் திரும்பி, வகுப்பில் பேசும் அதே குரலில், "கையைத் தூக்கிவிட்டுக் கேள்" என்றேன். அவன் உண்மையிலேயே கையைத் தூக்கினான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகள் பாதிக்கப்படுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு அவர்கள் உங்களைச் சோர்ந்த முகத்தோடுதான் பார்ப்பார்கள் என்பதே நேர்மையான பதில். ஏழு வயது மகளுக்கு அதை எடுத்துச் சொல்லலாம், அவள் புரிந்துகொள்வாள். மூன்று வயது மகனுக்குச் சொல்ல முடியாது. நான் காத்திருக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், உங்கள் கணவர் நம்பும் அந்த வசதி. விடுமுறைகள் ஒத்துப்போகும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விடுமுறை அல்லாத நாட்களில் ஆசிரியர் வேலை, நான் அறிந்தவரை, அலுவலக வேலைகளைவிடவும் இறுக்கமானது. காலையில் மகனுக்குக் காய்ச்சல் என்றால் இப்போது நீங்கள் மேலாளரை அழைத்து, பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லலாம், பில்கள் காத்திருக்கும். முப்பது பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். நடுப்பகலில் மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், இடைவேளை வரை உங்கள் கைபேசி பைக்குள்தான் இருக்கும். மகளின் ஆண்டு விழாவும் உங்கள் பள்ளியின் ஆண்டு விழாவும் ஒரே வாரத்தில் வரும், நீங்கள் உங்கள் பள்ளி மேடையின் ஓரத்தில் நின்று யாரோ ஒருவருடைய மகளுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டுக்கொண்டிருப்பீர்கள். மணி அடித்ததும் வேலை முடிந்துவிடுவதுமில்லை. பல நாட்டு ஆசிரியர்களிடம் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2018இல் நடத்திய ஆய்வில், தொடக்கநிலைக்கு அடுத்த வகுப்புகளில் கற்பிப்போர் வாரத்துக்குச் சராசரியாக 38 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகவும், அதில் 20 மணி நேரத்தை ஒட்டியே வகுப்பில் கழிவதாகவும் சொன்னார்கள். மிச்சம் திட்டமிடல், திருத்தல், கூட்டம், பதிவேடு. தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு வகுப்பு நேரம் பெரும்பாலும் இதைவிடக் கூடுதல்; ஒரே ஆளாக எல்லாப் பாடங்களையும் எடுக்கும் இடங்களில் மூச்சுவிடும் பாடவேளையே கிடைக்காது.

பயிற்சிக் காலத்தில் இந்த இறுக்கம் இன்னும் ஒரு சுற்று கூடும். கல்லூரி வகுப்புகள் நடக்கும் மாதங்களை எப்படியாவது ஓட்டிவிடலாம். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்கு அனுப்பப்படும் வாரங்கள்தான் குடும்பங்களைப் புரட்டிப்போடுகின்றன. நாள் முழுக்கப் பள்ளியில் நிற்க வேண்டும், மாலையில் அடுத்த நாளுக்கான பாடத்திட்டத்தை எழுதி வழிகாட்டும் ஆசிரியரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், இரவில் துணைக்கருவிகள் வெட்டி ஒட்ட வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர் பத்து நிமிடத்தில் மனதுக்குள் போட்டுக்கொள்ளும் பாடத்துக்குப் பயிற்சியில் இருப்பவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும், அதுதான் இயல்பு. ஆகவே கல்லூரியில் விசாரிக்கும்போது கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கற்பித்தல் பயிற்சி எந்த மாதங்களில், தொடர்ச்சியாக எத்தனை வாரம், பள்ளியைத் தேர்ந்தெடுப்பது யார், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் அனுப்புவார்கள், பிள்ளைக்கு உடல்நலமில்லாமல் ஒரு வாரம் போக முடியாவிட்டால் அந்த வாரத்தை ஈடுகட்டலாமா அல்லது மொத்தமும் முதலிலிருந்தா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அஞ்சல்வழி அல்லது இணையவழிப் படிப்பு என்று விளம்பரம் பார்த்து வருகிறவர்கள் பலர் ஏமாறும் இடமும் இதுதான்: கோட்பாட்டை வீட்டிலிருந்து படிக்கலாம், வகுப்பறையில் நிற்பதை வீட்டிலிருந்து செய்ய முடியாது. அத்துடன், அந்தப் படிப்பை ஆசிரியர் நியமன விதிகள் ஏற்கின்றனவா என்பதையும், உங்களிடம் இருக்கும் பட்டம் அதில் சேரப் போதுமா என்பதையும் கட்டணம் கட்டுவதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள்.

அந்த வாரங்களுக்கென்று வீட்டில் ஓர் ஏற்பாடு வேண்டும். "எல்லோரும் உதவுவார்கள்" என்பது ஏற்பாடு ஆகாது. காலையில் மகனை எழுப்பிக் கிளப்புவது யார், மாலையில் அழைத்து வருவது யார், இரவில் மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பது யார் என்று ஆள் பெயரோடு தாளில் எழுதி, அந்த ஆளையே படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவர் இந்த வேலையின் வசதியைப் பற்றிப் பேசியிருக்கிறார், ஆனால் படிக்கும் ஆண்டில் தான் எதைச் செய்வேன் என்று சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. விடுபட்டிருக்கலாம். சொல்லவே இல்லையென்றால், அந்தப் பேச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாமல் இந்த மாதமே பேசிவிடுவது நல்லது.

பணக் கணக்கை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன்: இப்படிப்பட்ட முடிவுகளில் ஆட்கள் கல்லூரிக் கட்டணத்தைச் செலவாக எழுதுகிறார்கள், வராமல் போகும் சம்பளத்தை எழுத மறந்துவிடுகிறார்கள். பெரிய தொகை அதுதான். அதோடு படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை ஆகக்கூடிய மாதங்களையும், புதிதாகச் சேரும் ஆசிரியரின் சம்பளத்துக்கும் பதினோரு ஆண்டு அனுபவமுள்ள உங்கள் இன்றைய சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அம்மா சொன்னது இந்த இடத்தில்தான் நியாயம். மகன் பள்ளிக்குப் போகும்வரை நீங்கள் வேலையில் இருந்து சேர்க்கும் பணம், அந்தப் பயிற்சி ஆண்டை உங்களுக்கு வாங்கித் தரும் என்று அவரிடம் சொல்லுங்கள், அவரும் சற்று இளகுவார்.

வேலை கிடைக்குமா என்பதற்கு வருகிறேன். உலகம் முழுவதற்கும் 2030க்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளுக்கு 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவைப்படுவார்கள் என்று யுனெஸ்கோ மதிப்பிட்டிருக்கிறது. இந்த எண்ணைக் காட்டிப் பயிற்சி நிறுவனங்கள் உங்களை அழைக்கலாம். ஆனால் அந்தப் பற்றாக்குறை எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஆள் கிடைக்காத இடங்கள் ஒருபுறமும் வரிசையில் காத்திருக்கும் இடங்கள் மறுபுறமுமாகத்தான் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளோடு இருப்பவருக்கு உலகக் கணக்கு பயன்படாது. காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை எத்தனை பேரை எடுத்தன என்று தலைமையாசிரியர்கள் நான்கைந்து பேரிடம் கேளுங்கள். ஒரு வாரம் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கேட்கப் போகும்போதே இதையும் கேட்டுவிடலாம்.

வயதைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது போல நான் கவலைப்படவில்லை. பிள்ளை வளர்த்தவர்களுக்கு, அழுகிற பிள்ளைக்கு முன்னால் பதறாமல் நிற்கத் தெரிகிறது. கணக்குப் பிரிவிலிருந்து வருகிறவருக்குப் பதிவேடு என்றால் அலர்ஜி இல்லை, இந்தத் தொழிலில் அது சின்ன வரம் அல்ல. வயது உறுத்தும் இடம் வேறொன்று. என்னிடம் பயின்ற 38 வயதுப் பெண் ஒருவர் மூன்றாம் வாரத்தில் ஆசிரியர் ஓய்வறையில் அழுதுகொண்டிருந்தார். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்தேன். இல்லை, அவருடைய பாடத்தைக் கவனித்த 26 வயது வழிகாட்டி ஆசிரியர், "நீங்கள் பிள்ளைகளைப் பேசவே விடவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார். முன்பிருந்த வேலையில் பதினைந்து பேருக்கு மேலாளராக இருந்தவருக்கு அந்த ஒரு வரியைத் தாங்க முடியவில்லை. குறிப்பு சரியானது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் அழுகைக்குக் காரணம். இரண்டு நாள் கழித்து அதே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அந்த இளைய ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்தார், இன்றும் கற்பித்துக்கொண்டிருக்கிறார். மறுபடி எதுவும் தெரியாதவராக இருப்பதற்கு உங்களுக்கு மனம் வருமா என்று யோசியுங்கள்.

குரலையும் கவனியுங்கள். மற்ற தொழில்களில் இருப்பவர்களைவிட ஆசிரியர்களுக்குக் குரல் கோளாறுகள் அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. அடிக்கடி தொண்டை கட்டுகிறவர் என்றால் முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கத்தாமல் வகுப்பை அமைதிப்படுத்தும் வழிகள் உண்டு, அவற்றையும் பயிற்சியிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கடைசியாக, மகள் படிக்கும் பள்ளியைப் பற்றி. போக்குவரத்துக்கு அது வசதி, ஆனால் முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். நீங்கள் தடுமாறும் ஆண்டில் அதை மகளின் தோழிகள் பார்ப்பார்கள், அவளிடம் வந்து சொல்வார்கள், அவள் உங்களுக்காகச் சண்டை போடுவாள் அல்லது உங்களைத் தெரியாதது போல நடப்பாள். வேறு வழியில்லாமல் அங்கேயே சேர நேர்ந்தால், அவள் இருக்கும் வகுப்பு உங்களுக்கு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தலைமையாசிரியரிடம் சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி வளாகத்தில் உங்களை என்னவென்று கூப்பிடுவது என்பதை மகளே முடிவுசெய்யட்டும். என் மகன் மூன்று வருடம் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டான், வாயில் கதவைத் தாண்டியதும் "அம்மா, பசிக்குது" என்பான்.